லைட் எரிகிறது, நெட் வரவில்லை: பழைய விண்டோஸ் கேள்வி பதில்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-ல், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல். ஆனாலும் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் இரண்டும் ஓய்ந்தபாடில்லை. கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும், பட்டறை மெஷினுக்கு புரோகிராம் அனுப்புவது அதிலிருந்துதான், பழைய ஸ்கேனருக்கு டிரைவர் இருப்பதும் அதற்கு மட்டும்தான். "புதுசு வாங்கிடுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கும் தெரியும், அது கேட்டவருக்கும் தெரியும். அதனால் இந்த முறை நெட்வொர்க் கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தட்ட வேண்டிய இடம் ஸ்டார்ட் மெனுவில் ரன், அதில் சி-எம்-டி, திறக்கும் கறுப்புத் திரை.

கேள்வி: எக்ஸ்பி சிஸ்டம். கேபிள் போட்டால் லைட் எரிகிறது, ஆனால் கீழே மஞ்சள் முக்கோணம் வந்து "லிமிடெட் ஆர் நோ கனெக்டிவிட்டி" என்கிறது. அதே ரவுட்டரில் மொபைலுக்கு நெட் வருகிறது. கடைக்காரர் ஃபார்மட் செய்யலாம் என்கிறார். செய்யலாமா சார்?

வேண்டாம். ஃபார்மட் செய்தால் இப்போது இருக்கும் பிரச்சினையோடு டிரைவர் தேடும் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் லாபம்.

கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு ஆல் என்று தட்டுங்கள். ஐ.பி. முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறதா? உங்கள் அறிகுறிக்கு அநேகமாக அப்படித்தான் இருக்கும். அந்த எண்ணை ரவுட்டர் கொடுக்கவில்லை. "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று கம்ப்யூட்டர் கேட்டுப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்ட எண் அது. அந்த முகவரியோடு வெளியே எங்கும் போக முடியாது.

ஏன் பதில் வரவில்லை என்பதுதான் இப்போது கேள்வி, அதை இரண்டாகப் பிரித்துவிடலாம். மொபைலில் வைஃபை விவரத்தைத் திறந்து அதன் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168.1.7 என்றும் கேட்வே (வெளியே போகும் வாசல், அதாவது ரவுட்டரின் முகவரி) 192.168.1.1 என்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ், லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் டி.சி.பி/ஐ.பி. அங்கே கையால் 192.168.1.200, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று போடுங்கள் (200 என்ற எண்ணை வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது, இருந்தால் முகவரி மோதுகிறது என்று விண்டோஸே கத்தும்). இப்போது கறுப்புத் திரையில் பிங் 192.168.1.1 என்று தட்டுங்கள், அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது.

பதில் வந்தால் கேபிள், லேன் கார்டு, டிரைவர் மூன்றும் நல்லபடி இருக்கின்றன. கோளாறு முகவரி வாங்கும் பேச்சில் மட்டும்தான். ரன் பெட்டியில் சர்வீசஸ் டாட் எம்-எஸ்-சி தட்டி முகவரி கேட்டு வாங்கும் "டி.எச்.சி.பி. கிளையன்ட்" சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். தனியாக ஃபயர்வால் மென்பொருள் ஏதாவது போட்டிருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள், பழைய ஃபயர்வால்கள் காலாவதியான பிறகு எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது உண்டு. ரவுட்டரில் மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் உள்ளே விடும் வசதி) போட்டு, பட்டியலில் இந்தக் கம்ப்யூட்டரைச் சேர்க்க மறந்திருக்கலாம். இது எதுவும் இல்லை என்றால் கையால் போட்ட முகவரியையே வைத்துக்கொண்டு, டி.என்.எஸ். (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) இடத்தில் கூகுளின் 8.8.8.8 போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

பிங்குக்குப் பதில் வரவில்லையா? அப்போது கீழே இருக்கிறது கோளாறு. லைட் எரிவதை நம்பாதீர்கள். எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் சில சமயம் லைட் எரியும், தகவல் மட்டும் போகாது. வேறு கேபிள், ரவுட்டரில் வேறு போர்ட். அப்புறம் ஒன்று, இதைப் பலர் பார்ப்பதில்லை: டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஸ்பீட், டூப்ளெக்ஸ் என்று ஒரு வரி இருக்கும். முன்பு யாராவது அதை "100 ஃபுல்" என்று கட்டிப்போட்டிருந்தால், புதிய ரவுட்டரோடு பேச்சு ஒத்துவராமல் நெட் ஊர்ந்து போகும், அல்லது விட்டு விட்டு வரும். அதை "ஆட்டோ"வுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சொல்லாமல் ஃபார்மட் செய்துவிட்டேன். இப்போது நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸைத் திறந்தால் காலியாக இருக்கிறது. லேன் கார்டு போய்விட்டதா?

கார்டு போகவில்லை, டிரைவர் போய்விட்டது. டிவைஸ் மேனேஜரில் "ஈத்தர்நெட் கன்ட்ரோலர்" என்ற பெயரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஒன்று நிற்கும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்ற சிக்கலில் வேறொரு கம்ப்யூட்டரும் ஒரு பென்டிரைவும்தான் வழி.

எந்த டிரைவர் என்று ஊகிக்க வேண்டாம். அந்த வரியின் பிராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய் "ஹார்டுவேர் ஐடி"யைத் தேர்ந்தெடுத்தால் வி-இ-என் என்பதற்குப் பக்கத்தில் நான்கு எழுத்து, டி-இ-வி என்பதற்குப் பக்கத்தில் நான்கு எழுத்து தெரியும். முதலாவது கம்பெனி: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். இரண்டாவது மாடல். இந்த எட்டு எழுத்தையும் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் தளத்தில், அல்லது மதர்போர்டு கம்பெனியின் தளத்தில், எக்ஸ்பிக்கான டிரைவரைத் தேடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று வரும் புரோகிராம்களைத் தொடாதீர்கள். டிரைவரோடு வேறு என்னென்ன உள்ளே வரும் என்பதற்குக் கணக்கே கிடையாது.

கேள்வி: வீட்டில் ரவுட்டர் மாற்றினோம். எக்ஸ்பி லேப்டாப்பில் புதிய வைஃபை பெயரே தெரியவில்லை. தெரிந்த ஒரு தடவையும் சரியான பாஸ்வேர்டைத் தப்பு என்றது.

பெயர் தெரியாததற்கு அலைவரிசை காரணமாக இருக்கும். அந்தக் காலத்து லேப்டாப் கார்டுகளில் பெரும்பாலானவைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் இதற்கு அப்படி ஒரு வைஃபை இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4-ஐ இயக்குங்கள். அந்தப் பக்கத்திலேயே சேனலையும் பாருங்கள். 12, 13 சேனல்களைச் சில பழைய கார்டுகள் கண்டுகொள்ளாது, 1, 6, 11 பத்திரம்.

பாஸ்வேர்டு விஷயம் வேறு. வைஃபைக்குப் பூட்டுப் போடும் டபிள்யூ.பி.ஏ.2 முறை எக்ஸ்பியில் ஒழுங்காக வந்தது 2008-ல் வெளியான சர்வீஸ் பேக் 3 என்ற அப்டேட் தொகுப்பில். உங்களுடையது சர்வீஸ் பேக் 2 என்றால் அதற்குத் தனியாக ஒரு பேட்ச் போட்டிருக்க வேண்டும். மை கம்ப்யூட்டர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அங்கே எழுதியிருக்கும். டபிள்யூ.பி.ஏ.3-ஐ எக்ஸ்பி எந்தக் காலத்திலும் பேசாது. ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்று வைத்தால் போதும். லேப்டாப்புக்காக டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டுக்கு இறங்கச் சொல்லி யாராவது யோசனை கொடுத்தால் கேட்காதீர்கள், அதை உடைக்கச் சில நிமிடம் போதும். லேப்டாப் கம்பெனியின் வைஃபை மென்பொருளும் விண்டோஸின் "வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன்" சர்வீஸும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்துக்கொள்வதும் இணைப்பு விழக் காரணம். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் கேபிளைச் சொருகிவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

கேள்வி: பிங் போகிறது, ஐ.பி. முகவரி சரியாக இருக்கிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சர்டிஃபிகேட் பிழை, அல்லது வெள்ளைப் பக்கம். நெட்வொர்க் செட்டிங்கில் எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். பிங் 8.8.8.8-க்கும் பதில் வருகிறது, ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பிங் செய்தாலும் வருகிறது என்றால் உங்கள் நெட்வொர்க் தன் வேலையை முடித்துவிட்டது. (எண்ணுக்கு வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டி.என்.எஸ். கோளாறு. அது வேறு கதை, டி.என்.எஸ். முகவரியை மாற்றிவிட்டு ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஃப்ளஷ்டிஎன்எஸ் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.)

முதலில் வலது மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள், நேரத்தை மட்டுமல்ல, வருடத்தையும். மதர்போர்டில் சி.ஆர்.2032 என்று ஒரு காசு வடிவ பேட்டரி இருக்கும். அது செத்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் தேதி ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடும். சர்டிஃபிகேட் என்பது தளத்தின் அடையாளச் சான்றிதழ், அதற்கு ஆரம்ப தேதி, முடிவு தேதி இரண்டும் உண்டு. கம்ப்யூட்டர் இன்னும் 2003-ல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் எல்லா சர்டிஃபிகேட்டும் "இன்னும் பிறக்காதது" ஆகிவிடும். நெட்வொர்க் கோளாறு என்று தூக்கிக்கொண்டு வரும் எத்தனையோ பெட்டிகளுக்கு மருந்து அந்த பேட்டரிதான்.

தேதி சரியாக இருந்தால் பிரச்சினை பிரவுசர். எக்ஸ்பியில் போகக்கூடிய கடைசி இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8, அதற்குத் தெரிந்த பாதுகாப்பு முறை டி.எல்.எஸ். 1.0 வரைதான். இன்றைய தளங்களில் பெரும்பாலானவை 1.2-க்குக் கீழே பேசுவதில்லை. கூகுள் குரோம் எக்ஸ்பியைக் கைவிட்டது 2016-ல், 49-ஆம் பதிப்போடு. அந்தக் குரோமை வைத்திருந்தாலும் அது விண்டோஸில் இருக்கும் நம்பிக்கைச் சான்றிதழ்களின் பட்டியலைத்தான் பார்க்கும். அந்தப் பட்டியல் பழசு. 2021 செப்டம்பர் 30 அன்று உலகம் முழுக்க ஏராளமான பழைய கருவிகளில் திடீரென்று தளங்கள் திறக்காமல் போனதற்கு இதுதான் காரணம்: தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்கு அடியில் உத்தரவாதமாக இருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் அன்றைக்குக் காலாவதியானது, புதிய வேரை அந்தக் கருவிகளுக்குத் தெரியவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும். அதனால் எக்ஸ்பிக்கான கடைசிப் பதிப்பான 52 இ.எஸ்.ஆர். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) போட்டால் கணிசமான தளங்கள் திறக்கும் (பென்டியம் 4 அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும், பென்டியம் 3-ல் ஓடாது). விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 இ.எஸ்.ஆர்., குரோம் என்றால் 109 வரை.

திறக்கிறது என்பதற்காக அதில் பேங்க் வேலை செய்யாதீர்கள். மெயில் பாஸ்வேர்டும் வேண்டாம்.

கேள்வி: சில தளங்கள் உடனே திறக்கின்றன, சில பாதியில் நின்றுவிடுகின்றன, எப்போதும் அதே தளங்கள்தான். வைரஸா?

வைரஸாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் எம்.டி.யு.வைப் பார்க்க வேண்டும். ஒரு தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அதிகபட்ச அளவு அது. சாதாரண ஈத்தர்நெட்டில் 1500 பைட். யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கும் பி.பி.பி.ஓ.இ. இணைப்பு என்றால் ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னும் அது ஒட்டும் தலைப்புத் தகவலுக்கே 8 பைட் போய், மிச்சம் 1492. ரவுட்டரில் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்றால் சின்னப் பொட்டலங்கள் போய்விடும், பெரியவை எங்கேயோ சத்தமில்லாமல் விழுந்துவிடும். அதனால்தான் தளத்தின் தலைப்பு வரும், பக்கம் வராது.

சோதித்துப் பார்க்கலாம். பிங், இடைவெளி, கழித்தல் குறி போட்டு எஃப், இடைவெளி, கழித்தல் குறி போட்டு எல், இடைவெளி, 1472, இடைவெளி, 8.8.8.8. இந்த 1472-ஓடு தலைப்புகளுக்கான 28-ஐக் கூட்டினால் 1500. "உடைக்க வேண்டும், ஆனால் உடைக்காதே என்று சொல்லியிருக்கிறீர்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, 1464 போட்டுப் பாருங்கள். அது போகிறதா? 1464-ஓடு 28-ஐக் கூட்டுங்கள், 1492. ரவுட்டரின் வான் (இன்டர்நெட் இணைப்பு) பக்கத்தில் எம்.டி.யு. இடத்தில் அந்த எண்ணைப் போட்டு சேமியுங்கள். எக்ஸ்பியிலேயே மாற்ற வேண்டுமானால் ரிஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். ரவுட்டரில் மாற்றினாலே தீரும்போது அந்த வம்பு எதற்கு.

எம்.டி.யு. சரியாக இருந்தும் குறிப்பிட்ட தளங்கள் மட்டும் வரவில்லை என்றால், உங்கள் சந்தேகத்தின் பக்கம் வருவோம். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இ-டி-சி ஃபோல்டருக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும், எந்தத் தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் இடம் அது, நோட்பேடில் திறக்கலாம். நீங்கள் எழுதாத வரிகள் இருந்தால் யாரோ எழுதியிருக்கிறார்கள். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் லேன் செட்டிங்ஸைத் திறந்து பிராக்ஸி (இடையில் நிற்கும் வேறொரு சர்வர்) டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸை நீக்கினேன், அன்றிலிருந்து நெட் போச்சு. ரிப்பேர் கொடுத்தால் "நாட் எ சாக்கெட்" என்று ஏதோ வருகிறது.

அந்த "ஏதோ"வை எழுதி அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. பாதி வேலை முடிந்தது. ஆன்டிவைரஸ் தன்னை நெட்வொர்க் பாதையின் நடுவில் செருகிக்கொண்டு இருந்தது, போகும்போது பாதையையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. நெட்ஷ் வின்சாக் ரீசெட் என்று தட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 2-க்கு மேல்தான் இந்தக் கட்டளை வேலை செய்யும். விண்டோஸ் 7 என்றால் கறுப்புத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் எக்ஸ்பி சிஸ்டத்தில் இருக்கும் கணக்கு ஃபோல்டரை விண்டோஸ் 10-லிருந்து திறந்துகொண்டிருந்தோம். நடுவில் சில வாரம் திறக்கவில்லை. இப்போது திறக்கப் போனால் வரவில்லை. யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

பாவம், அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எக்ஸ்பிக்கு ஃபைல் பகிரத் தெரிந்த ஒரே முறை எஸ்.எம்.பி. 1. 2017 மே மாதம் வான்னாக்ரை புழு உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று பார்க்காமல் புகுந்தது இந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-ல் இதை ஒதுக்க ஆரம்பித்தது. ஹோம், ப்ரோ வகைகளில் கிளையன்ட் பகுதி மட்டும் இருக்கும். அதையும் 15 நாள் பயன்படுத்தாவிட்டால் விண்டோஸ் தானாகவே நீக்கிவிடும். உங்கள் சில வார இடைவெளியில் நடந்தது அநேகமாக இதுதான்.

நல்ல வழி, அந்த ஃபோல்டரை எக்ஸ்பியை விட்டு நகர்த்துவது. முடியாது, மென்பொருள் அங்கேதான் ஓடும் என்றால் இப்படிச் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" திறந்து, எஸ்.எம்.பி. 1.0 என்பதற்கு அடியில் உள்ள மூன்றில் "கிளையன்ட்" என்பதை மட்டும் டிக் செய்யுங்கள். "சர்வர்" வேண்டவே வேண்டாம், "ஆட்டோமேட்டிக் ரிமூவல்" இருந்தால் மறுபடி இதே கதைதான். எக்ஸ்பியில் வான்னாக்ரைக்காக மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக வெளியிட்ட 4012598 என்ற எண்ணுள்ள பேட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்பிக்குக் கையால் ஐ.பி. முகவரி கொடுத்து, கேட்வே இடத்தைக் காலியாக விடுங்கள். கேட்வே இல்லாத கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குள் பேசும், இன்டர்நெட்டுக்குப் போக வழி தெரியாது. உங்களுக்கு வேண்டியது அதுதானே?

இதெல்லாம் செய்தும் நெட்வொர்க் பட்டியலில் எக்ஸ்பியின் பெயர் தெரியாமல் போகலாம். தேடிக்கொண்டிருக்காதீர்கள், ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு எக்ஸ்பியின் ஐ.பி. முகவரியை நேரடியாகத் தட்டுங்கள். பாஸ்வேர்டு கேட்டு, எதைப் போட்டாலும் மறுத்தால், எக்ஸ்பியில் அந்தக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லாமல் இருக்கும். காலிப் பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக நுழைய எக்ஸ்பி விடாது, ஒன்றை வையுங்கள். இன்னொன்று, எக்ஸ்பி ப்ரோவில் ஒரே நேரத்தில் 10 இணைப்பு, ஹோமில் 5. அலுவலகம் பெரிசு என்றால் காலையில் வந்தவர்களுக்குத் திறக்கும், லேட்டாக வந்தவருக்குத் திறக்காது.

கேள்வி: அந்த எக்ஸ்பியிலிருந்து நெட்வொர்க் பிரின்டரில் பிரின்ட் எடுக்க விண்டோஸ் 10 வழியாகத்தான் போக வேண்டுமா?

தேவையே இல்லை. ஆட் பிரின்டரில் "லோக்கல் பிரின்டர்" என்று தேர்ந்தெடுங்கள் (நெட்வொர்க் பிரின்டருக்கு லோக்கல் என்று சொல்ல வேண்டியிருப்பது விண்டோஸின் நகைச்சுவை), தானாகக் கண்டுபிடிக்கும் டிக்கை எடுத்துவிட்டு, புதிய போர்ட், ஸ்டாண்டர்டு டி.சி.பி/ஐ.பி., பிரின்டரின் முகவரி. அந்த முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். எக்ஸ்பி டிரைவர் கிடைக்கவில்லை, ஆனால் பிரின்டருக்கு பி.சி.எல். 5 (எச்.பி.யின் பிரின்டர் மொழி) தெரியும் என்றால் எக்ஸ்பியோடு வரும் எச்.பி. லேசர்ஜெட் 4 டிரைவரே ஓட்டிவிடும். தட்டு மாற்றுவது மாதிரி சொகுசெல்லாம் இருக்காது.

கேள்வி: விண்டோஸ் 7. ஒவ்வொரு முறை ஆன் செய்தாலும் "அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்". கார்டை டிசேபிள் செய்து எனேபிள் செய்தால் வருகிறது.

ஐபிகான்ஃபிக் போடும்போது டிஃபால்ட் கேட்வே வரியில் 0.0.0.0 என்று ஒன்றும், அதற்குக் கீழே சரியான முகவரியும், ஆக இரண்டு தெரிகிறதா? தெரிந்தால் சர்வீசஸ் பட்டியலில் பான்ஜோர் (நெட்வொர்க்கில் கருவிகளைத் தேடும் ஆப்பிள் சர்வீஸ்) என்று இருக்கிறதா பாருங்கள். சில பழைய டிசைன் மென்பொருள்களோடு உள்ளே வந்திருக்கும், சில சமயம் அந்தப் பெயரில்கூட இல்லாமல் இரண்டு ஹாஷ் குறியில் ஆரம்பிக்கும் நீளமான புரியாத பெயரில் இருக்கும். அதை நிறுத்தி, "டிசேபிள்டு" ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். 0.0.0.0 தெரியவில்லை என்றால் லேன் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிட்டு, டிரைவரையும் புதிதாகப் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 98-ல் ஐபிகான்ஃபிக் மாதிரி ஜன்னலில் பார்க்க ஏதாவது உண்டா?

இருக்கிறது, ரன் பெட்டியில் வின்-ஐபி-சிஎஃப்ஜி என்று தட்டுங்கள். நெட்வொர்க் செட்டிங்கில் எதைத் தொட்டாலும் 98 அதன் சி.டி.யைக் கேட்கும், அதனால் சி.டி. இன்னும் படிக்கும் நிலையில் இருக்கும்போதே அதில் உள்ள கேப் (சுருக்கி அடைத்த) ஃபைல்களை ஹார்டு டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் காப்பி செய்து வைத்துவிடுங்கள்.